மீன் குழம்பு: புளியா, தேங்காயா, கொடம்புளியா?

வீட்டில் மீன் குழம்பு வைக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்முறையைத் தேடுகிறார்கள், மீனை அப்புறம்தான் வாங்குகிறார்கள். நான் அதை அப்படியே திருப்பிப் போடச் சொல்வேன். அன்றைக்குச் சந்தையில் எந்த மீன் நன்றாக இருக்கிறதோ அதை வாங்கி வந்துவிட்டு, அந்த மீனுக்கு எந்தக் குழம்பு பொருந்தும் என்று பாருங்கள். மத்தியைத் தேங்காய்ப்பாலில் போட்டுவிட்டு வாடை தாங்கவில்லை என்று புலம்புவதும், அருமையான கொடுவாவைக் காரப் புளியில் முக்கி எடுத்து மீனின் ருசியே தெரியாமல் சாப்பிடுவதும் இந்த வரிசை மாறிப்போவதால் வருவதுதான்.

இங்கே மூன்று குழம்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்று, சென்னையிலும் வட மாவட்டங்களிலும் நிறைய வீடுகளில் வைக்கிற, தேங்காய் சேர்க்காத, நல்லெண்ணெய் மேலே பிரிந்து நிற்கிற புளிக் குழம்பு. இரண்டு, நாகர்கோவில், குளச்சல் பக்கத்துத் தேங்காய் அரைத்த குழம்பு. மூன்று, கேரளத்துக் கோட்டயம் பக்கத்தின் கொடம்புளி (குடம்புளிப் பழத்தின் காய்ந்த தோடு) போட்ட சிவப்புக் குழம்பு. இவற்றோடு முடிந்துவிடவில்லை, செட்டிநாட்டில் சோம்பும் மிளகும் சேரும், மதுரையில் அயிரை மீனுக்கென்றே ஒரு பக்குவம் உண்டு. ஆனாலும் இந்த மூன்றும் கைவந்துவிட்டால் மற்றதையெல்லாம் பார்த்தவுடனே பிடித்துக்கொள்ளலாம்.

முதல் முறையாக வைப்பவர் என்றால் யோசிக்காமல் புளிக் குழம்புக்குப் போங்கள். அரைக்கிற வேலை இல்லை, திரிந்துபோகிற பயம் இல்லை, புளிப்போ காரமோ தூக்கலாகிவிட்டால் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிச் சரிசெய்யலாம். அரைக் கிலோ மீனுக்கு எலுமிச்சை அளவு புளி, சுமார் 30 கிராம், வெந்நீரில் ஊறட்டும். மண்சட்டியில் 4 டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, கால் டீஸ்பூன் வெந்தயம், கறிவேப்பிலை போட்டு, இருபது சின்ன வெங்காயமும் பத்துப் பல் பூண்டும் சேர்த்து நன்றாக வதக்கி, நறுக்கிய 2 தக்காளியைப் போட்டுக் குழையவிடுங்கள். தீயைக் குறைத்துக்கொண்டு 2 டீஸ்பூன் மிளகாய்த்தூள், 3 டீஸ்பூன் மல்லித்தூள், அரை டீஸ்பூன் மஞ்சள்தூள் போட்டு ஒரு நிமிடம் பிரட்டிவிட்டு, உடனே புளிக்கரைசலையும் தேவையான தண்ணீரையும் உப்பையும் சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு நிமிடம் முக்கியம், தூள் எண்ணெயில் வதங்கினால்தான் நிறமும் மணமும் இறங்கும், அதற்கு மேல் விட்டால் கருகிக் கசந்துவிடும்.

இனிமேல்தான் பொறுமை வேண்டும். மீன் போடாமலே குழம்பு ஒரு கால் மணி நேரம் கொதிக்கட்டும், ஓரத்தில் எண்ணெய் பிரிய ஆரம்பிக்கட்டும். பச்சை வாசனை போகாத குழம்பில் மீனைப் போட்டால் சிக்கல்தான், மசாலா வேகும்வரை மீனும் கூடவே வெந்து உதிர்ந்துபோகும். ஆட்டுக்கறி மாதிரி மீனைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்க மெத்தென்று ஆகாது, அதன் தசையைப் பிடித்துவைத்திருக்கிற இணைப்புத் திசு மிகக் குறைவு, சீக்கிரமே கரைந்துவிடும். ஒரு அங்குலக் கனமுள்ள துண்டுக்கு 7 அல்லது 8 நிமிடம், நெத்திலிக்கு 3 அல்லது 4 நிமிடம், அவ்வளவுதான். மீன் உள்ளே போன பிறகு கரண்டியை எடுத்துத் தள்ளி வைத்துவிடுங்கள். துணியால் சட்டியின் இரண்டு பக்கத்தையும் பிடித்து லேசாகச் சுழற்றினாலே போதும்.

மீன் நாளாக ஆக அதில் சேருகிற டிரைமெத்திலமைன் என்கிற பொருள்தான் அந்தக் கவிச்சி வாடைக்குப் பெரிய காரணம். புளிப்பு அதோடு சேர்ந்து அது ஆவியாகிக் காற்றில் கலக்காமல் பிடித்துவைத்துவிடும். பிடித்து ஒன்றிரண்டு நாளாகி ஐஸில் வந்த மீனைக்கூடப் புளிக் குழம்பு தாங்கிக்கொள்கிறது என்றால் இதனால்தான். மீனுக்குத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஏதாவது ஒரு புளிப்பு இல்லாமல் குழம்பே கிடையாது, அதில் ருசி மட்டும் இல்லை, இந்தக் காரியமும் இருக்கிறது. கெட்டுப்போன மீனை எந்தப் புளியும் காப்பாற்றாது, அது வேறு விஷயம்.

தேங்காய் அரைத்த குழம்பு இதற்கு நேர் எதிர். கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை கேரளத்தின் தெற்குப் பகுதியோடு சேர்ந்து திருவிதாங்கூராகவும், கடைசிச் சில ஆண்டுகள் திருவிதாங்கூர்-கொச்சியாகவும் இருந்த மண், வீட்டைச் சுற்றித் தென்னை நிற்கிற ஊர்கள், அதனால் அங்கே தேங்காய் இல்லாத மீன் குழம்பைப் பார்ப்பது அரிது. ஒரு கப் தேங்காய்த் துருவல், மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள், நாலைந்து சின்ன வெங்காயம், எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வெண்ணெய் பதத்துக்கு அரைக்க வேண்டும். வதக்கல் எதுவும் இல்லை. விழுதைப் புளித்தண்ணீரில் கரைத்துச் சட்டியில் ஊற்றி, கீறிய பச்சைமிளகாய், முருங்கைக்காய் இருந்தால் அதுவும் போட்டுக் கொதிக்கவிட்டு, பச்சை வாசனை போனதும் மீன், கடைசியில் தேங்காய் எண்ணெயில் கறிவேப்பிலையும் நறுக்கிய சின்ன வெங்காயமும் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. புளி பாதி போதும், மாங்காய்க் காலமென்றால் புளியைக் குறைத்து நாலு துண்டு புளிப்பு மாங்காய் போடுங்கள், அதற்கு ஈடே கிடையாது.

அடுப்பில் நிற்கிற நேரத்தை மட்டும் கணக்கிட்டால் இதுதான் சீக்கிரம் முடிகிறது, அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் தேங்காய் உடைத்து, துருவி, அரைத்து, மிக்ஸி ஜாரைக் கழுவுகிற நேரத்தையும் சேர்த்தால் இதுவும் புளிக் குழம்பும் ஒன்றுதான். அரைப்பதில் கொஞ்சம் சோம்பல்பட்டாலும் குழம்பு திப்பித் திப்பியாக நிற்கும், சோற்றில் ஊற்றினால் தண்ணீர் தனியாக ஓடும். தேங்காயை அரைத்துச் சேர்ப்பதும் தேங்காய்ப்பால் சேர்ப்பதும் வேறு வேறு என்பதையும் மனதில் வையுங்கள். அரைத்த விழுது மிதமான கொதியைத் தாங்கும். பால் தாங்காது. புளிப்பும் அதிகச் சூடும் சேர்ந்தால் பால் திரிந்து எண்ணெய் வேறு தண்ணீர் வேறாகிவிடும், அதனால் மீன் வெந்த பிறகு கடைசியில் கெட்டிப்பாலை ஊற்றி, நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும்.

ருசி என்று வந்தால், புதிதாகப் பிடித்த வெள்ளைச் சதை மீனுக்குத் தேங்காய் அரைத்த குழம்பை நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சங்கரா, விளைமீன், கொடுவா, பாறை, இவையெல்லாம் இயல்பிலேயே மெல்லிய இனிப்புள்ள மீன்கள். தேங்காய் அந்த இனிப்பை எடுத்துக்காட்டும், காரப் புளி அதை மூடிவிடும். அதே நேரம் மீன் கொஞ்சம் பழசாக இருந்தாலும் இந்தக் குழம்பு காட்டிக்கொடுத்துவிடும், ஒளிக்க அதில் இடமே இல்லை. செவுளைத் தூக்கிப் பாருங்கள், சதையை விரலால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் அப்படியே நின்றால் அந்த மீனைத் தேங்காய்க்கு எடுக்காதீர்கள்.

கொடம்புளிக் குழம்பு மூன்றாவது போட்டியாளர், மத்திக்கும் அயிலைக்கும் முதல் இடம் அதற்குத்தான் கொடுப்பேன். (மத்தியைத்தான் குமரியில் சாளை என்கிறார்கள், அயிலை என்பது கானாங்கெளுத்தி.) இந்த மீன்களில் எண்ணெய்ப்பசை அதிகம், அந்தக் கொழுப்பை வெட்டுகிற அளவுக்குப் புளிப்பு வேண்டும், கூடவே ஒரு புகை வாசனையும் இருந்தால் இன்னும் நல்லது. காயவைத்துப் புகைபோட்ட கறுத்த கொடம்புளியில் இரண்டும் இருக்கிறது. அரைக் கிலோ மத்திக்கு மூன்று நான்கு துண்டு போதும், கழுவிவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரோடு சேர்த்துக்கொள்ளலாம். இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை எல்லாம் தேங்காய் எண்ணெயில் வதங்கி, மிளகாய்த்தூள் தாராளமாக விழ வேண்டும். காரம் ஏறாமல் சிவப்பு மட்டும் வேண்டுமென்றால் பாதிக்குக் காஷ்மீரி மிளகாய்த்தூள் போடலாம். தக்காளியும் தேங்காயும் இதில் வேண்டாம்.

புளியைக் கரைத்து ஊற்றினால் அதன் புளிப்பு அந்த நிமிடமே குழம்பில் இருக்கும், கொடம்புளி அப்படி இல்லை, துண்டு உள்ளே கிடக்கக் கிடக்கப் புளிப்பு இறங்கிக்கொண்டே போகும். அதனால் இறக்கியவுடன் ருசி பார்த்துவிட்டுப் புளிப்புப் போதவில்லையே என்று மேலும் இரண்டு துண்டு போட்டுவிடாதீர்கள். காலையில் வைத்து மதியமோ இரவோ சாப்பிடுங்கள். சரியான புளிப்பு வந்துவிட்டதும் துண்டுகளை எடுத்து வெளியே போட்டுவிடலாம். இன்றைக்கே, இப்போதே பசிக்கு வேண்டும் என்கிறவர்களுக்கு இது ஏற்ற குழம்பு இல்லை, அந்த ஒரு குறையைத்தான் சொல்ல முடியும்.

நெத்திலி மூன்றிலும் நன்றாக இருக்கும், அதிலும் மாங்காய் போட்ட தேங்காய்க் குழம்பில் அபாரம். வஞ்சிரத்தைக் குழம்பில் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன், அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மீனை வறுப்பதுதான் நியாயம், குழம்புக்குத் தலையை மட்டும் போடுங்கள், குழம்பின் ருசியே தலையில்தான் இருக்கிறது. கட்டளா, ரோகு, விரால் போன்ற ஆற்று, குளத்து மீன்களுக்குப் புளிக் குழம்பைத் தவிர வேறு யோசிக்க வேண்டாம், அந்த மண்வாடையைத் தேங்காய் அடக்காது. கல் உப்பும் மஞ்சளும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போடுங்கள். இறாலும் நண்டும் தேங்காய்ப் பக்கம்தான், இறால் சுருண்டு நிறம் மாறியதும் இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் ரப்பர்.

காலமும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த நாட்களில் காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் நாட்டுப்படகில் வருகிற கொஞ்ச மீன் போக மற்றதெல்லாம் வெளியிலிருந்து ஐஸில் வருவதுதான். நாட்டுப்படகு மீன் கிடைத்தால் தேங்காய், ஐஸ் மீன் என்றால் புளி, இப்படி வைத்துக்கொள்ளலாம்.

சோற்றைப் பலரும் கண்டுகொள்வதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. மீன் குழம்புக்குப் புழுங்கல் அரிசிதான். நெல்லாக இருக்கும்போதே அவித்துக் காயவைத்து அரைத்த அரிசி என்பதால் வெந்தாலும் பருக்கை கட்டியாக நிற்கும், எண்ணெய் மிதக்கிற புளிக் குழம்பை ஊற்றிப் பிசைந்தாலும் கூழாகாது. பச்சரிசிச் சோறு குழம்போடு சேர்ந்து குழைந்துவிடும், பாஸ்மதியின் வாசனை மீனோடு சண்டை போடும். பொன்னிப் புழுங்கல் புளிக் குழம்புக்கும் தேங்காய்க் குழம்புக்கும் பொருந்தும். கொடம்புளிக்குக் கேரளத்து மட்டை அரிசிதான் ஜோடி, அந்தத் தடித்த சிவப்புப் பருக்கைதான் அவ்வளவு காரத்துக்கும் புளிப்புக்கும் ஈடுகொடுக்கும். மட்டை வேக நேரமாகும், குக்கரில் அவசரப்படுத்தாமல் நிறையத் தண்ணீர் வைத்து வடித்துக்கொள்ளுங்கள். அரிசி களைந்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாவது தண்ணீரை எடுத்து வைத்தால் மீன் கழுவ ஆகும்.

பாத்திரம் மண்சட்டியாக இருந்தால் நல்லது, அடுப்பை அணைத்த பிறகும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், அதனால் மீன் முக்கால் பதம் வெந்ததும் அணைத்துவிட்டு மூடி வைக்கலாம். எவர்சில்வரும் பரவாயில்லை, அடி கனமாக இருக்க வேண்டும். அலுமினியம் மட்டும் வேண்டாம், புளிப்போடு சேரும், குழம்பில் உலோக வாடை வரும்.

மறுநாளுக்கு வைத்துச் சாப்பிடுவதாக இருந்தால் தேங்காய்க் குழம்பு போட்டியிலிருந்து விலகிவிடுகிறது. வெளியில் வைத்தால் நம் ஊர் வெயிலுக்குச் சாயங்காலமே புளித்துவிடும், ஃபிரிட்ஜில் வைத்தாலும் சூடு பண்ணும்போது முதல் நாள் இருந்த மணம் திரும்பாது, அளவாக வைத்து அன்றே முடித்துவிடுங்கள். புளிக் குழம்பு மறுநாள் கெட்டிப்பட்டு, துண்டுக்குள் உப்பும் புளியும் இறங்கி, இட்லிக்கும் பழைய சோற்றுக்கும் தொட்டுக்கொள்ள முதல் நாளைவிட நன்றாக இருக்கும். கொடம்புளிக் குழம்பும் அப்படியே, அதற்குச் சோறே வேண்டாம், அவித்த மரவள்ளிக்கிழங்கு போதும். மறுநாள் சூடு பண்ணும்போது மீன் துண்டுகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, குழம்பை மட்டும் கொதிக்கவிட்டு, அணைக்கிற நேரத்தில் துண்டுகளை உள்ளே போட்டு மூடிவிடுங்கள், ஐந்து நிமிடத்தில் உள்வரை சூடாகிவிடும், உடையவும் உடையாது.