மும்பை அடுக்களையில் ஒரு கல்சட்டி: மழைக்கு நல்லது, மே மாதத்துக்கு ஆகாது

மாதுங்காவில் பூக்கடைகளைத் தாண்டிக் காய்கறிச் சந்தைக்குப் போகும் வழியிலுள்ள ஒரு பாத்திரக் கடையில் வாங்கிய, இரண்டு லிட்டர் கொள்ளும் கல்சட்டியைப் பற்றிய மதிப்பீடு இது. கல்சட்டியைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் பாட்டியின் கைமணத்தில் தொடங்கி உடல்நலத்தில் முடித்துவிடுகிறார்கள். மும்பையின் ஈரக் காற்றில், இருவர் சேர்ந்து நிற்க முடியாத அடுக்களையில், குழாய் எரிவாயு அடுப்பின்மேல் அது ஆண்டு முழுவதும் எப்படி உழைக்கிறது என்பதுதான் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டிய செய்தி.

மாக்கல்லைக் குடைந்து செய்யப்படும் இச்சட்டிகள் சேலம் பக்கத்திலிருந்து வருகின்றன. மாக்கல்லில் மிகுந்திருக்கும் டால்க், கனிமங்களிலேயே மிக மென்மையானது. அதனால்தான் கல்லைச் செதுக்குவது எளிதாக இருக்கிறது, அதனால்தான் இரும்புக் கரண்டி பட்ட இடத்தில் கீறலும் விழுகிறது. புளியோ எலுமிச்சையோ இந்தக் கல்லை ஒன்றும் செய்வதில்லை. வாங்கும்போது சட்டியைத் தரையில் வைத்து விரல் கணுவால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று ஒலித்தால் நல்லது, ஒலி அடைத்துக்கொண்டு வந்தால் உள்ளே விரிசல் இருக்கிறது என்று பொருள். இணையத்தில் வாங்குகிறவருக்கு இந்தச் சோதனைக்கு வழியில்லை என்பதால், மாதுங்காவுக்கு ஒரு நடை போய்வருவதே மேல்.

புதுச் சட்டி சாம்பல் நிறத்தில் இருக்கும். விளக்கெண்ணெயும் மஞ்சள்பொடியும் குழைத்து உள்ளும் புறமும் பூசி, சோறு வடித்த சூடான கஞ்சியை நாள்தோறும் ஊற்றி ஊறவைத்து, ஒரு வாரமாவது பழக்கிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். ‘பழக்கிய சட்டி’ என்று கூடுதல் விலைக்குக் கறுப்புச் சட்டிகளும் விற்கின்றன. எண்ணெய் தடவிய கறுப்பா, கஞ்சியில் ஊறிய கறுப்பா என்று கடையில் கண்டுபிடிக்க முடியாது. எப்படியும் வீட்டில் மறுபடி பழக்கத்தான் போகிறோம் என்பதால் அந்தக் கூடுதல் பணம் வீண்.

இந்தச் சட்டியின் முழு மதிப்பும் ஜூன் பிற்பகுதியில், மழை பிடித்துக்கொண்ட பிறகு விளங்குகிறது. வெயிலில் காயவைத்த மணத்தக்காளி வற்றலும் சுண்டைக்காய் வற்றலும் டப்பாவிலிருந்து வெளியே வரும் காலம் அது. நல்லெண்ணெயில் கடுகும் வெந்தயமும் தாளித்து, வற்றலை வறுத்து, புளிக்கரைசலை ஊற்றும்போது அந்தக் கரைசல் வெந்நீரில் கரைத்ததாக இருக்க வேண்டும். காய்ந்த கல்லில் குளிர்ந்த நீர் விழுந்தால் சட்டி வெடித்துவிடலாம். குழம்பு இன்னும் நீர்த்திருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடலாம். அணைத்த பிறகும் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் ஓரங்களில் கொப்புளம் விட்டுக்கொண்டே இருந்து, சோறு தட்டுக்கு வரும்போது எண்ணெய் பிரிந்து, கரண்டியில் ஒட்டும் பதத்துக்கு வந்திருக்கும். எவர்சில்வர் பாத்திரத்தில் இதே பதத்தை அடுப்பின்மேலேயே கொண்டுவரப் பார்த்தால் அடிப்பிடித்துவிடும்.

மழைக்காலத்துக் கீரைகளுக்கும் இதுவே ஏற்ற பாத்திரம். முதல் மழைக்குப் பிறகு பால்கர், தாணே பக்கத்துப் பெண்கள் ‘டாக்ளா’ என்று கூவி விற்கும் தகரைக் கீரையின் இளந்தளிரை மூடாமல் வேகவைத்து, பருப்புச் சேர்த்து, அதே சட்டியில் மர மத்தால் மசிக்கலாம். கல்லின் சொரசொரப்பில் கீரை வழுக்காமல் மசிந்துவிடுவதால், மிக்ஸியில் அரைத்ததுபோல் கூழாகாமல் இலையின் திப்பி நாவுக்குத் தெரிகிறது. சந்தையில் ‘அளு’ என்று கிடைக்கும் சேம்பிலைக்கு நா அரிக்காமலிருக்கப் புளி தாராளமாக வேண்டும், நெடுநேரமும் வேக வேண்டும். அலுமினியத்தில் வைக்கத் தயங்கும் இந்தச் சமையலைக் கல்சட்டியில் கவலையின்றிச் செய்யலாம்.

மும்பையில் குளிர்காலம் என்று சொல்லிக்கொள்ளும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் பச்சைத் துவரையும் மொச்சையும் சர்க்கரைவள்ளியும் சந்தையில் ஒருசேர வந்துவிடுகின்றன. திருவாதிரைக் களிக்குத் தொட்டுக்கொள்ளும் ஏழுதான் குழம்புக்கு இதைவிட நல்ல காய்கள் சென்னையில்கூடக் கிடைக்குமா என்பது ஐயமே. அந்தக் குழம்பில் மீந்ததை மறுநாளும் அதற்கு மறுநாளும் சிறு தீயில் சுண்டவைக்கும்போது சட்டியின் பெருமை இன்னொருமுறை விளங்கும்: கிழங்கு கரைந்து, மொச்சை மட்டும் முழுதாக நின்று, சுண்டக் குழம்பு கத்தியால் வெட்டலாம் போலிருக்கும்.

மார்ச் பிறந்ததும் கணக்கு மாறுகிறது. கோடையில் நாம் செய்வது மோர்க்குழம்பு, ரசம், மாங்காய்ப் பச்சடி. மோர்க்குழம்பு நுரை கட்டியதும் இறக்கப்பட வேண்டியது. கல்சட்டியோ இறக்கிய பிறகும் கொதிக்கவைப்பதால் மோர் திரிந்துவிடும். சிறிய நாட்டு மாம்பழங்களைக் கல்சட்டியில் வேகவைத்து, அடுப்பை அணைத்துச் சற்று ஆறவிட்டு, அதன் பிறகு தேங்காய் அரைத்துவிட்ட மோரைச் சேர்த்தால் தப்பிக்கலாம். ரசத்துக்கு அந்த உபாயமும் இல்லை, அதற்கு ஈயச்சொம்புதான். கல்சட்டியில் மோர் புளிக்காது என்று அடித்துச் சொல்பவர்களை மே மாதத்து மும்பைக்கு அழைத்துவர வேண்டும். காலையில் உறையூற்றிக் கடைந்த மோர் மாலைக்குள் புளித்துத்தான் போகிறது. குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமென்றால் சட்டியின் கனத்துக்கு அதன் கண்ணாடித் தட்டு தாங்குமோ என்ற அச்சம் வேறு. மேலும், வியர்வை வழியும் பிற்பகலில் அணைத்த அடுப்பின்மேல் இன்னும் அனல் வீசிக்கொண்டிருக்கும் ஒரு கல் இருப்பது யாருக்கும் உவப்பாக இராது.

பராமரிப்பில் ஒரே சிக்கல், ஆனால் பெரிய சிக்கல், ஈரம். பாத்திரம் துலக்கும் திரவங்களைத் தவிர்த்து, சீயக்காய்த் தூளோ கடலைமாவோதான் போட்டுத் தேய்க்க வேண்டும். இதை வேலைக்கு வருகிற அம்மாவிடம் சொல்வதைவிடச் சட்டியை நாமே கழுவி எடுத்துவைப்பது எளிது. ஜூலை, ஆகஸ்டில் கழுவிக் கவிழ்த்த சட்டி உலர்வதே இல்லை. அலமாரிக்குள் மூடிவைத்தால் சிக்கு நாற்றம் எழுகிறது. மிகச் சிறு தீயில் சில நிமிடம் காட்டிவிட்டு, வாய் திறந்தபடி மேடையிலேயே வைத்துவிடுவது நல்லது. தூண்டல் அடுப்பு மட்டுமே உள்ள வீடுகளுக்கு இது உதவாது. அந்த அடுப்பு கல்லைச் சூடேற்றாது.

வாரத்தில் இரண்டு நாளாவது புளிக்குழம்போ கூட்டோ கீரையோ வைக்கும் வீடு என்றால் தயங்காமல் வாங்கலாம். தோசையும் ரசமுமே பெரும்பாலும் செய்யும் வீட்டில் இது காட்சிப் பொருளாகிவிடும். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு லிட்டர் போதும். அதற்குமேல் போனால், குழம்போடு சேர்த்துத் தூக்கி இறக்க இரண்டு கைகளும் துணைக்கு ஓர் ஆளும் வேண்டியிருக்கும். மூடி தனியாகத்தான் வாங்க வேண்டும். கல்மூடி தேவையில்லை, வாயளவுக்குப் பொருந்தும் எவர்சில்வர் தட்டே போதுமானது.