எம்.ஏ.வும் பிஎச்.டி.யும்: அரசுப் பல்கலைக்கழகங்களில் என் பத்து வருடம்

எம்.ஏ. சேர்ந்தது 2014. பிஎச்.டி. வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, முடிந்தது 2024. நடுவில் ஒரு வருடம் மட்டும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்குப் படித்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். ரிசல்ட் வரும் மாதங்களில் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் ஃபோன் செய்து, "அக்கா, மேல படிக்கலாமா? பிஎச்.டி. எல்லாம் நமக்கு ஒத்து வருமா?" என்று கேட்பார்கள். ஃபோனில் பேசும்போது பாதி விட்டுப்போகிறது. அதனால் ஒரே மூச்சில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் திருநெல்வேலி மாவட்டத்துச் சேரன்மகாதேவிக்குப் பக்கம். அப்பாவுக்குக் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல். எம்.ஏ. வரலாறு படித்தது அபிஷேகப்பட்டியில், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில். பேட்டை தாண்டி மேற்கே போனால் பொட்டல் வெளியில் 500 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கும் வளாகம். அது 1990-ல் வந்தது. அதற்கு முன் நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்துக் கல்லூரிகளெல்லாம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. என்னை அவ்வளவு தூரம் தினமும் அனுப்ப அம்மா தயங்கியபோது, டிகிரியில் பாடம் எடுத்த மேடம் வீட்டுக்கே வந்தார். "வசந்தி தேவி அம்மா 92-லேர்ந்து 98 வரைக்கும் துணைவேந்தரா இருந்த இடம்மா அது. பொம்பளப் பிள்ளை படிக்க என்ன யோசனை?" என்றார். அம்மா சரி என்றார்.

முதலில் பணத்தைச் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். எம்.ஏ. இரண்டு வருடத்துக்கும் சேர்த்து நாங்கள் கட்டிய கட்டணம், அண்ணன் தனியார் பொறியியல் கல்லூரியில் ஒரு செமஸ்டருக்குக் கட்டியதைவிடக் குறைவு. அண்ணன் படிப்புக்கு வாங்கிய கடன் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. கட்டணம் அந்த அளவில் இல்லாமல் இருந்திருந்தால் நான் இன்று இதை எழுத வழியே இல்லை. ஊரிலிருந்து ஜங்ஷன், அங்கிருந்து இன்னொரு பஸ். போக வர மூன்று மணி நேரம் போய்விடும். ஆடி மாதத்துக் காற்றில் பஸ் ஸ்டாப்பிலிருந்து டிபார்ட்மென்ட்வரை துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நடந்ததும், மரத்தடியில் மயில் நின்றதும் நினைவிருக்கின்றன.

அங்கே எனக்குக் கிடைத்த பெரிய விஷயம் ஒரு மத்தியான வகுப்பு. சார் ஒருவர் 1917-ல் வெளிவந்த திருநெல்வேலி மாவட்ட கெஸட்டியரை, அதாவது மாவட்ட விவரத் தொகுப்பைக் கொண்டுவந்து, பாசனத்தைப் பற்றிய பக்கங்களைத் திறந்து என் முன் வைத்தார். எச். ஆர். பேட் என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதியது. அதில் எங்கள் கால்வாயின் பெயர் இருந்தது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு. ஸ்ரீவைகுண்டம் மட்டும்தான் வெள்ளைக்காரர்கள் காலத்தில் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முன்பே இருந்தவை. அப்பா தினமும் மண்வெட்டியோடு போகிற இடம் வரலாற்றுப் பாடமாக இருக்க முடியும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பிஎச்.டி. ஆசை அங்கே முளைத்ததுதான்.

பிஎச்.டி.க்கு வேறு ஊருக்குப் போனேன். ரயிலில் அரை நாள் தூரத்தில் உள்ள இன்னொரு அரசுப் பல்கலைக்கழகம். அதன் பெயரை எழுதப்போவதில்லை. நான் பட்ட கஷ்டங்கள் அங்கே மட்டும் உள்ளவையும் அல்ல, பல இடங்களில் தோழிகள் அதையேதான் சொல்கிறார்கள். அங்கே போனதற்கு ஒரே காரணம், பாசன வரலாற்றில் வேலை செய்த ஒருவர் அங்கே இருந்தார். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: எம்.ஏ.வுக்குப் பல்கலைக்கழகத்தைப் பார்த்துச் சேரலாம். பிஎச்.டி.க்கு கைடை, அதாவது ஆய்வு நெறியாளரைப் பார்த்துத்தான் சேர வேண்டும். அடுத்த ஐந்தாறு வருடம் உங்கள் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போடப்போவது அவர்தான்.

கைடைப் பார்ப்பது என்றால் அவருடைய கட்டுரைகளைப் படிப்பது மட்டும் இல்லை. அவரிடம் ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளைத் தனியாகப் பார்த்துப் பேசுங்கள். டிராஃப்ட் கொடுத்தால் எத்தனை நாளில் திருப்பித் தருகிறார், சொந்த வேலைக்கு அலையவிடுகிறாரா, கடைசியாக அவரிடம் எப்போது ஒருவர் முடித்தார் என்று கேளுங்கள். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர்வரைதான் வைத்துக்கொள்ளலாம். யாரிடம் இடம் காலியாகப்போகிறது என்பதை அந்தப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

நான் கேட்க மறந்த ஒரு கேள்வி எனக்கு எட்டு மாதத்தைத் தின்றது. என் சார் எப்போது ஓய்வு பெறுகிறார் என்று கேட்கவே இல்லை. நான் 2017-ல் பதிந்தேன், அவர் 2021-ல் ஓய்வு பெற்றார். அருமையான மனிதர். ஒரு வரியில் ஆதாரம் இல்லையென்றால் ஓரத்தில் "யார் சொன்னா?" என்று பென்சிலில் எழுதி அனுப்புவார். அந்த இரண்டு சொல்லில்தான் நான் ஆராய்ச்சி கற்றேன். அவருக்குப் பிறகு என்னை ஏற்றுக்கொண்டவரின் துறை வேறு. என் தலைப்பு அவருக்குப் பிடிபட வேண்டும், கைடு மாற்றக் கமிட்டி கூட வேண்டும், கூடிய கமிட்டியின் மினிட்ஸ் டைப்பாகி வர வேண்டும். ஒவ்வொரு மேஜையிலும் ஃபைல் தூங்கியது. அந்த எட்டு மாதம் நான் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து அழுத நாட்கள் உண்டு. ஓய்வுக்கு மூன்று வருடத்துக்கும் குறைவாக உள்ளவர்கள் புதிய மாணவர்களை எடுக்கக் கூடாது என்று 2022 விதியில் வந்துவிட்டது. ஆனால் மூன்று வருடத்தில் யார் முடிக்கிறார்கள்? ஆறு வருடமாவது பணிக்காலம் உள்ளவரைப் பாருங்கள்.

அடுத்தது ஃபெல்லோஷிப். முதல் முறை நெட் மட்டும் கிடைத்தது, அதே தேர்வில் கூடுதல் மதிப்பெண் எடுத்தவர்களுக்குக் கிடைக்கும் ஆய்வு உதவித்தொகையான ஜேஆர்எஃப் இல்லை. மறுபடி எழுதி 2018-ல் ஜேஆர்எஃப் வாங்கினேன். அப்போது மாதம் 25,000 ரூபாய். 2019 ஜனவரியிலிருந்து 31,000 ஆக்கினார்கள், 2023 ஜனவரியிலிருந்து 37,000. இரண்டு வருடம் கழித்து அதன் அடுத்த நிலையான எஸ்ஆர்எஃப் ஆனால் இன்னும் கொஞ்சம் கூடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் பணம் என் கணக்குக்கு வரப் பல மாதமாகிவிட்டது. சேர்ந்த தாள்கள் ஓர் அலுவலகத்தில் மேலே போகாமல் கிடந்தன. மெஸ் பில் ஏறிக்கொண்டே போனது. மதினி தன் சங்கிலியை அடகு வைத்து அனுப்பினார். "படிப்ப விட்றாத. சங்கிலி எங்கயும் போயிராது," என்றார். நிலுவை மொத்தமாக வந்த அன்றைக்கே அதை மீட்டுக் கொடுத்தோம். மாதாமாதம் நீங்கள் படித்துக்கொண்டிருப்பதாக நிறுவனம் கணினியில் உறுதி செய்தால்தான் பணம் வரும். அந்தத் தேதியைத் தெரிந்துகொண்டு நேரில் போய் நின்றுவிடுங்கள். அப்புறம், சேரும்போதே குறைந்தது ஆறு மாதச் செலவுக்குக் கையில் ஏதாவது வைத்துக்கொண்டு சேருங்கள். இந்த ஏற்பாடு இப்படி இருக்கக் கூடாது. அடகு வைக்கச் சங்கிலி இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்?

பிஎச்.டி. தொடக்கத்தில் வரும் வகுப்புகளான கோர்ஸ் ஒர்க்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தேர்வு இருக்கும், எழுதிவிடுவீர்கள்.

இந்தப் பத்து வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஃபீல்ட் ஒர்க். அதற்காகவே திரும்ப நெல்லைச் சீமைக்கு வந்தேன். பாபநாசத்துக்குக் கீழே தொடங்கி ஸ்ரீவைகுண்டம்வரை ஒவ்வோர் அணைக்கட்டாக, ஒவ்வொரு கால்வாயாக, குளம் குளமாகப் போனேன். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானதும், பணம் தடைப்பட்ட நாட்களிலும் பயணம் நிற்கவில்லை. நோட்டு, தண்ணீர் பாட்டில், ஃபோன், அம்மா கட்டித் தந்த புளிச்சோறு. ஒரு குளக்கரையில் மடை பார்க்கும் தாத்தா ஒருவரிடம் என் வரைபடத்தைக் காட்டினேன். வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏளா, இதுல மூணு மடைதான் போட்டிருக்கு. இங்க அஞ்சு இருக்கு. ரெண்டு சேத்துக்குள்ள கெடக்கு, வா காட்டுதேன்," என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அவர் காட்டிய இரண்டு மடைகளும்தான் என் நான்காம் இயலுக்கு அடிப்படை. கார் (முதல் போக) சாகுபடிக்குத் தண்ணீர் பிந்தினால் எந்த வயலுக்கு முதல் உரிமை, பிசானத்துக்கு (இரண்டாம் போகத்துக்கு) மறுகால், அதாவது குளம் நிறைந்து மிஞ்சும் தண்ணீர் வெளியேறும் வழி, எப்போது பாய வேண்டும், கரை அடைக்க வீட்டுக்கு எத்தனை ஆள் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வந்தது.

இடையில் ஒரு சிக்கல். என் தலைப்பில் 'திருநெல்வேலி மாவட்டம்' என்று இருந்தது. மருதூரும் ஸ்ரீவைகுண்டமும் 1986-லேயே தூத்துக்குடி மாவட்டமாகிவிட்டன, அதற்கு முன்னுரையில் விளக்கம் எழுதியிருந்தேன். 2019 நவம்பரில் தென்காசியும் பிரிந்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் விளக்கம் எழுதியே பக்கம் தீர்ந்துவிடும் போலிருந்தது. சார்தான், "மாவட்டம் பார்த்தா ஆறு ஓடுது? தாமிரபரணிப் படுகைன்னு மாத்தும்மா," என்றார். தலைப்பை மாற்ற ஒரு கமிட்டி, ஒரு கட்டணம். ஆனால் அதற்குப் பிறகு ஆய்வே தெளிவாகிவிட்டது. தலைப்பு வைக்கும்போதே நிர்வாக எல்லையை வைத்துக் கட்டாதீர்கள்.

ஆவணங்களுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி எழும்பூரில் இறங்கினால் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் பக்கத்தில்தான். பத்து நாள், பதினைந்து நாள் தங்கிப் பார்ப்பேன். பழைய தாளை விரலால் புரட்டும் அந்த மௌனம் எனக்கு மிகவும் பிடிக்கும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் அது நின்றுபோனது. ஹாஸ்டலைக் காலி செய்து ஊருக்கு வந்தேன். அந்த நேரத்தில் கையில் இருந்த பேட்டிகளைத் தட்டச்சு செய்தேன். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஆறு மணி நேரம் பிடித்தது. பேட்டி எடுத்த அன்று ராத்திரியே எழுதியிருந்தால் பாதி நேரம் போதும், பேசியவரின் கை எந்தப் பக்கம் நீண்டது என்பதும் நினைவில் இருந்திருக்கும்.

வீட்டில் உட்கார்ந்து எழுதுவதில் இன்னொரு பாரம் உண்டு. கல்யாண வீடுகளில் "இன்னும் முடிக்கலையா?" என்று கேட்பார்கள். ஆச்சி ஒருவர்தான் கேட்கவில்லை. ஆறு வருடம் என்பது விதி அனுமதிக்கும் காலம்தான், பெண்களுக்கு இன்னும் இரண்டு வருடம் கூடுதலாக உண்டு, பேறுகால விடுப்பாக 240 நாள்வரை எடுக்கலாம் என்பதை வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள். என்னோடு படித்த தோழி ஒருத்திக்கு அந்த விடுப்பு இருப்பதே தெரியாமல், குழந்தை பிறந்ததும் நின்றுவிட நினைத்தாள். விதியை அச்செடுத்துக் கொடுத்தேன். இப்போது டாக்டராகிவிட்டாள்.

2023 தொடக்கத்தில் தீசிஸ் கொடுத்தேன். பிறர் எழுத்தை எடுத்திருக்கிறோமா என்று பார்க்கும் பிளேஜியரிசம் செக் பத்து விழுக்காட்டுக்குள் வர வேண்டும். சொந்தமாக எழுதியவர்களுக்கு அதில் பயம் வேண்டாம். பிறகு வெளித் தேர்வாளர்களின் அறிக்கைக்காகக் காத்திருந்த மாதங்களில்தான் அந்த டிசம்பர் வந்தது. 17, 18 தேதிகளில் பெய்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு நின்றுபோனது. நான் நோட்டோடு நடந்த குளங்கள் சிலவற்றில் கரை உடைந்தது. தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தேன். எனக்கு மோர் கொடுத்த ஒரு வீட்டில் சுவர் மட்டும்தான் நின்றது. அந்த அம்மா என்னைப் பார்த்ததும், "நீ அன்னைக்கு எழுதிட்டுப் போனியே தாயி, அந்த இடம்தான்," என்று கரையைக் காட்டினார். என் 2019 நோட்டில் அந்த இடம் இருந்தது, 'இங்கே மண் இளகியிருப்பதாகச் சொல்கிறார்கள்' என்று.

வைவாவில் வெளித் தேர்வாளர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். பழைய பராமரிப்பு முறை தொடர்ந்திருந்தால் கரைகள் நின்றிருக்குமா என்றார். அவ்வளவு மழைக்கு எந்தக் கரையும் நிற்கும் என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் எந்த இடம் முதலில் போகும் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது, அதை எழுதிவைக்கும் வழக்கம்தான் விட்டுப்போனது என்றேன். நோட்டைக் காட்டினேன். அவர் நோட்டை வாங்கி நான்கைந்து பக்கம் படித்தார். அந்த அறையில் பின் வரிசையில் அப்பா வெள்ளை வேட்டி சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

வேலை? அதையும் மறைக்கக் கூடாது. நான் இப்போது கௌரவ விரிவுரையாளர். நிரந்தர இடத்துக்கான டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பட்டம் வாங்கியதும் வேலை கதவைத் தட்டும் என்று நினைத்துச் சேர்ந்தால் மனம் உடைந்துபோகும். ஒரு கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் செய்தால் மட்டும் சேருங்கள். எம்.ஏ. அப்படியல்ல, அதைத் தயங்காமல் படிக்கலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிச் செய்திருப்பேன். தீசிஸை ஆங்கிலத்தில் எழுதினேன். இந்தியப் பல்கலைக்கழகத் தீசிஸ்களை வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எனக்கு மடை காட்டிய தாத்தாவால் முடியாது. அதனால் இப்போது ராத்திரிகளில் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு இயல் முடிந்தது. தாத்தாவின் பேத்தி ஒன்பதாம் வகுப்பு. அவள் அவருக்குப் படித்துக் காட்டுகிறாள். 'கலுங்கு' என்று நான் எழுதிய இடத்திலெல்லாம், எங்க ஊர்ல மறுகால்தான் என்று திருத்தி அனுப்பியிருக்கிறார்கள்.