எஸ்டிமேட் 18,000, பில் 49,600: ஒரு சர்வீஸ் சென்டருடன் பல ஆண்டுப் பழக்கம்

சென்னையில் உள்ள ஓர் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில்தான் என்னுடைய டீசல் காரைப் பல ஆண்டுகளாக விட்டு எடுத்து வருகிறேன். இத்தனை காலத்தில், ஆயிலும் ஃபில்டரும் மாற்றும் வழக்கமான சர்வீஸ்களில் மட்டுமே பில் எஸ்டிமேட்டுக்குள் அடங்கியிருக்கிறது. எதையாவது கழற்றிப் பார்க்க வேண்டிய வேலை என்றால் தொகை ஏறாமல் இருந்ததில்லை. ஏறுவதெல்லாம் ஏமாற்று என்று சண்டைக்குப் போகிறவர்களையும், கம்பெனி சர்வீஸ் என்றால் அப்படித்தான் என்று மறுபேச்சில்லாமல் கட்டிவிட்டு வருகிறவர்களையும் அங்கே பார்த்திருக்கிறேன். இரு தரப்புமே பில்லை வரிவரியாகப் படிப்பதில்லை.

கிளட்ச் மாற்றிய அனுபவத்தை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் தொகை ஏறுவதற்கான எல்லாக் காரணங்களும் அந்த ஒரே பில்லில் இருந்தன. கத்திபாரா மேம்பாலம் ஏறும்போது என்ஜின் மட்டும் இரைந்து வண்டி இழுக்கத் தயங்கியதால் காட்டியதில், கிளட்ச் செட்டுக்கும் கியர் ஆயிலுக்கும் 10,000 ரூபாய், லேபர் 8,000 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தார்கள். கடைசியில் வந்த பில் 49,600 ரூபாய்.

முதல் ஏற்றம் எஸ்டிமேட்டின் அடியிலேயே சிறிய எழுத்தில் இருந்தது: ‘வரி தனி’. அப்போது பெரும்பாலான கார் உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம், வேலைக்கூலிக்கு 18 சதவீதம். ஆகவே புதிதாக எதுவும் சேராமலே, 18,000 ரூபாய் என்று காதில் விழுந்த தொகை 22,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கும் வரி 18 சதவீதமாகிவிட்டது என்றாலும், வரியைச் சேர்க்காமல் எஸ்டிமேட் போடும் வழக்கம் மாறியதாகத் தெரியவில்லை. எனவே வண்டியை விடும்போதே, வரி உட்பட நான் கட்ட வேண்டிய மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்வேன். உதிரிபாகத்தின் டப்பாவில் அச்சிட்டிருக்கும் எம்.ஆர்.பி. எல்லா வரிகளையும் உள்ளடக்கியது. பில்லில் விலையையும் வரியையும் கூட்டினால் அந்தத் தொகையைத் தாண்டக் கூடாது. பார்ட் நம்பர் கையில் இருந்தால், உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் ஏதாவது ஒரு கடைக்குத் தொலைபேசியில் அழைத்தே இதைச் சரிபார்த்துவிடலாம்.

அடுத்தது ஃப்ளைவீல், அதாவது என்ஜினோடு சேர்ந்து சுழலும், கிளட்ச் பதியும் கனமான சக்கரம். இதுதான் பெரிய தொகை, இதுதான் நியாயமானதும்கூட. பல டீசல் கார்களில் இருப்பது டூயல் மாஸ் ஃப்ளைவீல். என்ஜினின் அதிர்வை உள்வாங்கிக்கொள்ள இரண்டு பாகங்களுக்கு நடுவே ஸ்பிரிங்குகளை வைத்திருப்பார்கள். அந்த ஸ்பிரிங்குகள் தளர்ந்திருக்கின்றனவா என்பதைக் கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச்சைக் கழற்றி, கையால் திருப்பிப் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும். முன்கூட்டியே ஏன் சொல்லவில்லை என்று சர்வீஸ் அட்வைசரிடம் கோபப்படுவதில் பொருளில்லை. ஆனால் கழற்றிய பிறகு அவர் அழைத்துச் சொல்ல வேண்டும், நாம் சம்மதித்த பிறகே புதியதைப் பொருத்த வேண்டும். அந்த விஷயத்தில் இவர்கள் ஒழுங்காக நடந்துகொண்டார்கள். நேரில் போனேன், ஸ்பிரிங்குகள் தளர்ந்து ஃப்ளைவீல் ஆடுவதைக் காட்டினார்கள், 17,000 ரூபாயும் வரியும் என்றார்கள், வாட்ஸ்அப்பில் சம்மதம் அனுப்பினேன். இதுவரை 44,000 ரூபாய். வலித்தாலும் மறுக்க முடியாத தொகை.

மீதி 5,600 ரூபாய்க்குத்தான் வாக்குவாதம். ஃப்ளைவீல் மாற்றியதற்குத் தனி லேபராக 3,000 ரூபாய் போட்டிருந்தார்கள். இந்த வேலையில் கூலியின் பெரும்பகுதி கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்கானது, அது கிளட்ச் லேபரிலேயே வந்துவிட்டது. திறந்து கிடக்கும் இடத்தில் சில போல்ட்டுகளைக் கழற்றி மாட்டுவதற்கு மறுபடியும் அதே கணக்கில் கூலி போடுவது ஒரே வேலைக்கு இரண்டு கூலி. பில்லில் நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான், ஏனெனில் பலர் உதிரிபாக விலையை மட்டும் குடைந்துவிட்டு லேபர் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். மற்ற 2,600 ரூபாய், கேட்காமலே செய்த என்ஜின் ஃப்ளஷ், ஏசி கிளீனிங், ‘கன்ஸ்யூமபிள்ஸ்’ என்ற பெயரில் ஒரு தொகை. சம்மதித்த செய்தி எங்கே என்று கேட்டேன், காட்ட முடியவில்லை. மேலாளர் வந்து அந்த மூன்றையும் நீக்கி, ஃப்ளைவீல் லேபரை 800 ரூபாயாக்க, 44,800 ரூபாயில் முடிந்தது.

இது நடந்தது டெலிவரிக்கு முந்தைய நாள், இறுதி பில்லுக்கு முன் தரும் புரோஃபார்மா பில்லை அனுப்பச் சொல்லி வாங்கிப் படித்ததால். கேஷ் கவுண்டரில் நின்றுகொண்டு இதைப் பேசினால் நம் பக்கம் பலவீனமாகிவிடும். பணம் கட்டினால்தான் கேட் பாஸ் என்பது அவர்களுடைய நடைமுறை மட்டுமன்று. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 170-ஆம் பிரிவில், உழைப்பும் திறமையும் செலுத்திப் பழுது பார்த்தவர் தமக்குரிய கூலி கிடைக்கும்வரை பொருளைத் தம்மிடம் வைத்திருக்க உரிமை தருகிறது. சொல்லாத வேலைக்கும் அது பொருந்துமா என்று வாதாடலாம், ஆனால் அந்த வாதம் முடியும்வரை வண்டி அங்கேயே நிற்கும். ஆகவே பேச்சு முறிந்தால், எந்தெந்த வரிகளை ஏற்கவில்லை என்று மின்னஞ்சலில் எழுதி, ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன் என்று குறிப்பிட்டுப் பணத்தைக் கட்டி வண்டியை எடுத்துவிட்டு, பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். இரண்டாயிரம் ரூபாய்க்கு அத்தனை தூரம் போவேனா என்றால், பெரும்பாலும் மாட்டேன். ஆனால் அந்த மின்னஞ்சலை மேலாளருக்கும் ஒரு நகல் அனுப்பினாலே பாதி வேலை நடந்துவிடும்.

அதன்பின் அங்கே வண்டியை விடும்போதெல்லாம், செய்ய வேண்டிய வேலைகளை எழுதும் ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும் முன், சொல்லாத வேலை எதையும் செய்யக் கூடாது, எஸ்டிமேட்டுக்கு மேல் போனால் படத்துடன் செய்தி அனுப்ப வேண்டும், கழற்றிய பழைய பாகங்களை டிக்கியில் வைக்க வேண்டும் என்று எழுதச் சொல்கிறேன். அட்வைசர்கள் அடிக்கடி மாறுகிறார்கள்; புதியவர்கள் முதல் தடவை முகம் சுளிக்கிறார்கள், ஆனால் எழுதிவிடுகிறார்கள். ஏசி கிளீனிங் மட்டும் இன்னும் எஸ்டிமேட்டில் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது, நானும் ஒவ்வொரு முறையும் அதை அடிக்கச் சொல்கிறேன். கிளட்ச் இன்றுவரை சரியாக இருக்கிறது. பிரேக் பேட், பேட்டரி போன்ற வேலைகளை வீட்டருகே உள்ள மெக்கானிக்கிடம் மாற்றிவிட்டேன். கியர்பாக்ஸையும் என்ஜினையும் தொடும் வேலைகளுக்கு, விலை கூடினாலும், இன்னும் இவர்களிடம்தான் விடுகிறேன்.