கார் பட்டறையா, விமான ஹேங்கரா?

விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஹேங்கரில் சேர்ந்த முதல் வாரம் ஒரு மூடியைக் கழற்றி மாட்டும் வேலையைக் கொடுத்தார்கள். பத்துப் பன்னிரண்டு திருகுகள். கோவையில் ஏழு ஆண்டு கார் பட்டறையில் கை பழகியவனுக்கு அதெல்லாம் ஒரு வேலையா? மளமளவென்று முடித்துவிட்டு நிமிர்ந்தேன். மேற்பார்வையாளர் மூன்று கேள்வி கேட்டார். கையேட்டில் எந்தப் பக்கத்தைப் பார்த்துச் செய்தாய்? எவ்வளவு டார்க் (இறுக்கும் விசை) கொடுத்தாய்? அந்த ரெஞ்சை எந்தத் தேதிவரை பயன்படுத்தலாம் என்று அதில் ஒட்டியிருப்பதைப் பார்த்தாயா? ஒன்றுக்கும் பதில் இல்லை. வேலை சரியாகத்தான் இருந்தது என்று இன்றும் நம்புகிறேன். அத்தனையையும் கழற்றி மறுபடியும் மாட்ட வைத்தார்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. "அண்ணே, நானும் விமானத்துக்கு மாறிவிடலாமா?" என்று கேட்கும் பையன்கள் அனேகமாக எஞ்சினைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். ஜெட் எஞ்சின் புரியுமா, புரியாதா என்பது அவர்கள் கேள்வி. அது புரியும். காற்றை இழுத்து, அழுத்தி, எரித்து, பின்னால் தள்ளுகிறது. நான்கு ஸ்ட்ரோக்கைப் புரிந்துகொண்டவனுக்கு அது பெரிய மலை இல்லை. மாறுவது வேறொன்று. பட்டறையில் உங்கள் மதிப்பே உங்கள் கண்ணும் காதும்தான். வண்டி உள்ளே வரும் சத்தத்தைக் கேட்டே "பேரிங் போயிருக்கிறது" என்று சொல்பவருக்குத்தான் வாடிக்கையாளர் காத்திருப்பார். ஹேங்கரிலும் அந்தக் காது உதவும். ஆனால் சந்தேகம் எழுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. முடிவு சொல்வது கையேடு.

1990 ஜூன் 10 அன்று பர்மிங்காமிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தின் கதையைக் கேட்டால் இது பிடிபடும். வானில் ஏறிக்கொண்டிருக்கும்போது விமானியின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. விமானியின் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டது. ஊழியர்கள் காலைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி தரையிறக்கினார். விமானி பிழைத்துக்கொண்டார். விசாரித்தபோது தெரிந்தது: கிளம்புவதற்கு 27 மணி நேரம் முன்பு மாற்றிய கண்ணாடியின் 90 போல்ட்டுகளில் 84 விட்டத்தில் சிறியவை, மீதி 6 நீளம் போதாதவை. மாட்டியவர் கற்றுக்குட்டி அல்ல, அனுபவமுள்ள ஷிப்ட் மேலாளர். பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதுபோலவே ஒன்றைக் கண்ணளவில் தேடி எடுத்தார். புதுப்பேட்டையில் உதிரிபாகம் வாங்கப் போகும் நம்மில் யார் அதைச் செய்யவில்லை? காரில் அந்தப் பழக்கம் தொண்ணூற்றொன்பது முறை காப்பாற்றும். நூறாவது முறை வண்டி ஓரங்கட்டும், அவ்வளவுதான்.

சரி, வழிகளுக்கு வருவோம். பெரிய வழி உரிமம். இந்தியாவில் அதைத் தருவது விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், சுருக்கமாக டிஜிசிஏ. விதியின் பெயர் சிஏஆர்-66. ஐரோப்பாவின் பார்ட்-66ஐ அச்சாக வைத்து எழுதப்பட்டது. பி1 என்பது எஞ்சின், உடற்கட்டு, இயந்திரப் பகுதிகளுக்கு, பி2 மின்னணுவியலுக்கு. கார் மெக்கானிக்குக்கு இயல்பாகப் பொருந்துவது பி1. அதிலும் பயணிகள் ஜெட் விமானங்களுக்கு பி1.1.

முதல் கதவு இங்கேதான் சாத்திக்கொள்கிறது. ஏஎம்இ, அதாவது விமானப் பராமரிப்புப் பொறியாளர் பயிற்சிப் பள்ளியில் சேர, பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்க வேண்டும். அல்லது மூன்றாண்டு பொறியியல் டிப்ளமோ. நம் பட்டறைகளில் இருப்பவர்களில் பலர் பத்தாம் வகுப்போடு ஐடிஐ மோட்டார் மெக்கானிக் முடித்தவர்கள். அந்தச் சான்றிதழ் கையில் எவ்வளவு பலமோ, இந்தக் கதவில் அவ்வளவு பலவீனம். அவர்களுக்கு முதல் வேலை பாலிடெக்னிக் அல்லது பிளஸ் டூ. விமானம் அதற்குப் பிறகு. இதை மறைத்துவிட்டு "ஐடிஐ போதும், சேர்ந்துகொள்ளுங்கள்" என்று சொல்லும் பள்ளியைப் பார்த்தால், அங்கே கட்டும் பணம் திரும்பி வராது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கு சிஏஆர்-147 என்று பெயர். பட்டியல் டிஜிசிஏ இணையதளத்திலேயே இருக்கிறது. பள்ளிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் போதாது. எந்தப் பிரிவுக்கு இருக்கிறது என்று கேட்க வேண்டும். ஏரோநாட்டிக்கல் பி.இ. பட்டத்தையும் இதையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அந்தப் பட்டம் விமானத்தை வடிவமைக்கச் சொல்லித்தரும். விமானம் பறக்கத் தயார் என்று கையெழுத்துப் போடும் உரிமையைத் தராது.

தேர்வுகள் பாடப்பகுதிவாரியாக நடக்கும். கணிதம், இயற்பியல், மின்சாரம், மின்னணு அடிப்படை, பொருட்களும் சாதனங்களும், பராமரிப்பு முறைகள், காற்றியக்கவியல், மனிதக் காரணிகள், சட்டவிதிகள், விமான அமைப்புகள், வாயுச்சுழலி எஞ்சின் என்று வரிசையாக. ஒவ்வொன்றிலும் தேர்ச்சி மதிப்பெண் 75 சதவீதம். 35 வாங்கித் தேறிப் பழகியவர்களுக்கு இது புதிய உலகம். மெக்கானிக்குகள் மின்னணுவிலும் கணிதத்திலும்தான் தடுக்கி விழுகிறார்கள். எனக்கும் கணிதம் இரண்டாவது முறைதான் கிடைத்தது. தமிழ் வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்துக்குப் பயப்படுகிறார்கள். அதில் ஒரு ஆறுதல் இருக்கிறது. விமானக் கையேடுகள் எளிமையாக்கப்பட்ட ஒரு தொழில்நுட்ப ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. தொழிற்சொற்களை விட்டுவிட்டால் அதில் அனுமதிக்கப்பட்ட சொற்கள் சுமார் 900. நாளிதழை வாசிப்பதைவிடக் கையேட்டை வாசிப்பது சுலபம்.

காலக்கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஐரோப்பிய விதிப்படி பி1.1க்கு அங்கீகரிக்கப்பட்ட முழுப் படிப்பை முடித்தவருக்கு, அதற்கு மேல் 2 ஆண்டு நேரடி அனுபவம் வேண்டும். எந்தத் தொழிற்பயிற்சியும் இல்லாமல் சொந்தமாகத் தேர்வெழுதி வருபவருக்கு 5 ஆண்டு. பொருத்தமானது என்று அதிகார அமைப்பு ஏற்கும் தொழிற்பயிற்சி இருந்தால் 3. இந்த மூன்று என்ற எண்ணைப் பார்த்துத்தான் மெக்கானிக்குகள் மனக்கோட்டை கட்டுகிறார்கள். ஏற்றுக்கொண்டாலும் அந்த 3 ஆண்டும் ஓடும் விமானங்களில் செய்த பராமரிப்பாக இருக்க வேண்டும். பட்டறையில் கழித்த பத்து ஆண்டில் ஒரு நாள்கூட அந்தக் கணக்கில் ஏறாது.

உரிமம் வந்துவிட்டால் முடிந்ததா? ஏ320யோ போயிங் 737ஓ, அந்தந்த வகைக்கு டைப் ரேட்டிங் தனியாக வாங்கினால்தான் அதில் கையெழுத்துப் போட முடியும். சொந்தச் செலவில் போனால் பெரிய தொகை. நிறுவனம் அனுப்பினால் இத்தனை ஆண்டு இங்கேயே வேலை பார்ப்பேன் என்று பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆக, இன்று தொடங்குபவர் பெரிய விமானத்தில் தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட ஐந்தாறு ஆண்டு ஆகும் என்று நான் சொல்வேன். அதற்குள் கார் மெக்கானிக் சொந்தப் பட்டறை போட்டு இரண்டு பையன்களை வைத்திருப்பார்.

பலரும் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது. எனக்குப் பிடித்ததும் அதுதான். பி1.2, அதாவது பிஸ்டன் எஞ்சின் விமானங்கள். விமானிப் பயிற்சிப் பள்ளிகளில் ஓடும் செஸ்னா 172 போன்ற குட்டி விமானங்களின் பராமரிப்பு. அதன் லைகமிங் எஞ்சினைத் திறந்தால் பழைய மெக்கானிக்குக்குக் கண்கலங்கும். காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர், மேக்னெட்டோ, சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். காரில் செத்துப்போன கார்பரேட்டர் பழைய மாடல்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. டயமண்ட் டிஏ42 என்ற இரட்டை எஞ்சின் விமானம் இன்னும் வேடிக்கை: அதில் வரும் ஆஸ்ட்ரோ ஏஇ300, மெர்சிடிஸ் காரின் டீசல் எஞ்சினிலிருந்து உருவாக்கப்பட்டது. நம் ஆள் ஹேங்கருக்குள் போய்ப் பழைய சொந்தக்காரரைப் பார்த்த கதைதான். அனுபவக் காலமும் இந்தப் பிரிவுக்குக் குறைவு: அதே ஐரோப்பிய விதியில் 5, 3, 2 என்பது இங்கே 3, 2, 1 ஆகிறது. சம்பளம் பெரிய விமான நிறுவனம் அளவுக்கு வராது, வேலை கிடைக்கும் இடமும் பெரும்பாலும் சிறிய ஊர்களின் விமானத்தளம். ஆனால் உரிமத்தோடு உள்ளே நுழைந்துவிட்டால், ஜெட் பக்கம் பிறகு நகரலாம்.

உரிமமே இல்லாமல் டெக்னீஷியனாகச் சேர்வதும் ஒரு வழி. ஓசூர், ஹைதராபாத், நாக்பூர் போன்ற இடங்களில் பெரிய பராமரிப்பு மையங்கள் இருக்கின்றன. 2020இல் பராமரிப்புச் சேவைக்கான ஜிஎஸ்டியை 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த வேலையை இங்கேயே தக்கவைப்பதுதான் நோக்கம். காம்போசிட் (கூட்டுப்பொருள்) வேலை, தகடு வேலை, உள்ளறை, பெயின்ட் என்று அங்கே கைகளுக்குத் தேவை இருக்கிறது. காரில் டிங்கரிங் செய்தவருக்குத் தகடு வேலை கை வரும். வேலையைச் செய்வது நீங்கள், கையெழுத்து வேறொருவருடையது. சிலருக்கு இது நிம்மதி. சிலரை ஐந்தாம் ஆண்டில் அரித்துத் தின்னும். நீங்கள் எந்த வகை என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

அமெரிக்காவின் ஏ அண்ட் பி (உடற்கட்டு, எஞ்சின் மெக்கானிக்) சான்றிதழைப் பற்றியும் கேட்கிறார்கள். அங்கே உடற்கட்டு அல்லது எஞ்சின் ஒன்றுக்கு 18 மாதம், இரண்டுக்கும் சேர்த்து 30 மாதம் விமான அனுபவம் காட்டினால், பள்ளிக்கே போகாமல் எழுத்து, வாய்மொழி, செய்முறைத் தேர்வுகளுக்கு உட்காரலாம். கேட்க இனிக்கிறது. ஆனால் அதை வைத்து இந்தியப் பதிவு விமானத்தில் கையெழுத்துப் போட முடியாது, அமெரிக்காவில் வேலை பார்க்க விசாவும் அது தராது. இங்கே உரிமம் எடுத்த பிறகு யோசிக்க வேண்டிய விஷயம்.

இனி, காரிலேயே இருப்பதைப் பற்றி. மாறுவதைப் பற்றிப் பேசுபவர்கள் இதைத் தோல்வி மாதிரி சொல்வது எனக்கு எரிச்சலைத் தருகிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை விதி வந்ததும் காரில் சென்சார்கள் பெருகிவிட்டன. ஸ்கேனரை வாசித்து, மின்சுற்றுப் படத்தைப் பார்த்துக் கோளாறைத் தேடுபவருக்கு ஊரில் தட்டுப்பாடுதான். மின்சார கார் வந்தால் ஆயில் மாற்றும் வேலை போகும், கிளட்ச் போகும். பிரேக், சஸ்பென்ஷன், டயர், ஏசி எங்கும் போகாது. ஆரஞ்சு நிற உயர்மின்னழுத்தக் கேபிளைப் பயமில்லாமலும் முறையோடும் தொடத் தெரிந்தவர் ஒவ்வொரு ஊருக்கும் வேண்டும். அந்தப் பயிற்சி சில மாதங்களில் முடிகிற காரியம். எல்லாவற்றுக்கும் மேலே, காரில் முதலாளி ஆகலாம். நாலு ஸ்பேனரும் ஒரு தகரக் கொட்டகையும் போதும். சொந்த ஹேங்கர் போட்ட ஏஎம்இயை நான் பார்த்ததில்லை.

வேலை நிலைக்குமா என்ற கேள்வியில் இரண்டும் இரண்டு விதமாக நடந்துகொள்கின்றன. பட்டறை மூடினால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கும். விமான நிறுவனம் மூடினால் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் அதே சந்தைக்கு வருவார்கள். கிங்ஃபிஷர் 2012இல், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில், கோ ஃபர்ஸ்ட் 2023 மேயில் பறப்பதை நிறுத்தின. அதே 2023இல்தான் ஏர் இந்தியா 470 விமானங்களையும் இண்டிகோ 500 விமானங்களையும் வாங்க ஒப்பந்தம் போட்டன. இந்தத் தொழில் ஒரே வருடத்தில் இரண்டு முகத்தையும் காட்டும். கார் தொழில் மெதுவாக மாறும். ஃபோர்டு மறைமலை நகர் ஆலையை மூடிய பிறகும் சாலையில் ஓடும் ஃபோர்டு கார்களைப் பழுதுபார்க்க ஆள் தேவைப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

உடம்பு விஷயமும் இருக்கிறது. பட்டறை இரவு எட்டு மணிக்கு ஷட்டரை இறக்கும். விமானம் பகலில் பறந்து இரவில்தான் கைக்குக் கிடைக்கும். அதனால் இரவு ஷிப்ட் வாழ்க்கையின் பகுதி. ஹைட்ராலிக் அமைப்பில் அழுத்தம் 3000 பிஎஸ்ஐ, அதில் ஓடும் திரவம் தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் சொல்ல வேண்டியதில்லை. கார் டயரில் 32 வைத்துப் பழகிய கை, 200ஐ ஒட்டி நைட்ரஜன் அடைத்த ஜெட் டயர் முன்னால் நிற்கும் இடத்தையே மாற்றிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து ஒரு ஸ்பேனர் குறைந்தால் அது கிடைக்கும்வரை விமானம் நகராது. ஒருமுறை ஒரு சின்ன சாக்கெட்டுக்காக ஆறு பேர் விடியும்வரை தேடினோம். பட்டறையில் அதை மறந்துவிட்டு அடுத்த நாள் புதிது வாங்கியிருப்போம்.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். 24 வயதுக்குள் இருந்து, பிளஸ் டூவில் கணிதம் படித்து, வீட்டில் நான்கு ஆண்டு தாங்குவார்கள் என்றால் பி1.1க்குப் போகலாம். எஞ்சின் மேல்தான் காதல் என்றால் பி1.2ஐப் பாருங்கள். 30ஐத் தாண்டி, குடும்பம் உங்கள் கையை நம்பியிருந்தால் மின்சார காரைக் கற்றுக்கொள்ளுங்கள். தகடு வேலை தெரிந்தவராக இருந்தால் மட்டும் ஓசூர் பக்கம் விசாரித்துப் பாருங்கள். எதற்கும் முன்னால் ஒரு மாதம் இப்போது இருக்கும் பட்டறையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள்: எந்த வண்டியானாலும் சர்வீஸ் மேனுவலைத் திறந்து, டார்க் அளவைப் பார்த்து, அதன்படி இறுக்கி, செய்ததை ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். மூன்றாவது நாளே சலித்துப்போனால் கட்டணம் கட்டும் முன்பே விடை கிடைத்துவிட்டது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் அதைச் செய்து பார்த்தார். இப்போது அவர் பட்டறைதான் வைத்திருக்கிறார். நோட்டு எழுதும் பழக்கத்தை மட்டும் விடவில்லை, அதைப் பார்த்தே வாடிக்கையாளர்கள் வருகிறார்களாம்.