பால் காபிக்கு வெள்ளைச் சர்க்கரையா, நாட்டுச் சர்க்கரையா?

எங்கள் வீட்டில் நாலு பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று தம்ளர் காபியோ டீயோ ஆகிவிடும். அப்பாவுக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்றே வெள்ளைச் சர்க்கரையை நிறுத்தி, கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரைக்கு மாறினோம். ஒன்றரை வருடம் அதுதான் ஓடியது. இப்போது வெள்ளைச் சர்க்கரைக்கே திரும்பிவிட்டோம். ஏன் என்று சொல்கிறேன்.

விலையில் வெள்ளைச் சர்க்கரைதான் மலிவு, அது எல்லோருக்கும் தெரியும். மணத்தில் நாட்டுச் சர்க்கரைதான் ஒசத்தி. ஆனால் காபியில் அந்த மணம் டிகாக்‌ஷனை அமுக்கிவிடுகிறது. டீக்குப் பரவாயில்லை, இஞ்சி தட்டிப் போட்டால் நன்றாகவே சேரும்.

அடுத்தது பால் திரிவது. நாட்டுச் சர்க்கரையில் லேசான அமிலத்தன்மை உண்டு. கொதிக்கிற பாலில் போட்டால் சில நாள் ஒன்றும் ஆகாது, சில நாள் அப்படியே திரிந்துவிடும். அடுப்பை அணைத்து, சற்று ஆறவிட்டுக் கலந்தால் தப்பிக்கலாம். காலை ஆறு மணி அவசரத்தில் அம்மாவுக்கு அந்தப் பொறுமை எல்லா நாளும் இருக்கவில்லை.

இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவைதான். எங்களை மாற வைத்தது அளவு. நாட்டுச் சர்க்கரையில் இனிப்புக் கொஞ்சம் மட்டு, ஈரப்பதமும் இருப்பதால் கரண்டியில் குவிந்து நிற்கும். அதோடு ‘உடம்புக்கு நல்லதுதானே’ என்ற நினைப்பு வேறு. ஒரு கரண்டி போட்ட கை ஒன்றரை போட்டது, சில நாள் இரண்டுகூட ஆனது. முன்பு காபி, டீக்கு மட்டும் மாதம் மூன்று கிலோ வெள்ளைச் சர்க்கரை ஆகும். நாட்டுச் சர்க்கரை நாலு கிலோவைத் தொட்டது. நூறு கிராமுக்கு வெள்ளைச் சர்க்கரை சுமார் 398 கலோரி, கரும்பு வெல்லம் (நாட்டுச் சர்க்கரையும் அந்த வகைதான்) 383. வித்தியாசம் அவ்வளவுதான். அப்படியென்றால் அப்பாவின் உடம்புக்குள் போனது குறையவில்லை, கூடியிருக்கிறது. அதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

இரும்புச் சத்து இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் ஒரு கரண்டியில் வருவது மிகச் சொற்பம், அதையும் உடம்பு முழுசாக எடுத்துக்கொள்ள டீயில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் விடாது.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன கணக்குப்படி, சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு இந்த ஐந்து சதவீதம் 25 கிராம்தான். வெல்லம், தேன், கருப்பட்டி எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். பாலில் இயல்பாக உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை அடங்காது. அதனால் முதலில் கை வைக்க வேண்டியது கரண்டியில்தான், பாலில் இல்லை.

வெள்ளைச் சர்க்கரையில் எனக்குப் பிடித்தது, அளவு ஏமாற்றாது என்பதுதான். தலை தட்டிய சின்னக் கரண்டி என்றால் சுமார் நாலு கிராம். இப்போது ஆளுக்கு அதில் ஒன்று, அப்பாவுக்கு அதுவும் இல்லை. ஆவின் நீலப் பாக்கெட்டிலிருந்து (3 சதவீதக் கொழுப்பு) பச்சைக்கு (4.5) மாறியதும், பால் கெட்டியாக இருப்பதால் இனிப்புக் குறைந்தது அவ்வளவாகத் தெரியவில்லை. இது எங்கள் நாக்குக்கு. எடை, கொலஸ்ட்ரால் பார்ப்பவர்கள் யோசித்து மாறுங்கள்.

கருப்பட்டியைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன், இரண்டு மாதம்தான் போட்டுப் பார்த்தோம். பால் சேர்க்காத சுக்குக் காபிக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் கடையில் வாங்குவதில் சர்க்கரைப் பாகு கலந்ததும் வருகிறது, பார்த்த பார்வையில் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

நாட்டுச் சர்க்கரை டப்பாவைத் தூக்கிப் போடவில்லை. சந்தகைக்கு (இடியாப்பம் மாதிரியான கொங்குப் பலகாரம்) தேங்காய்ப் பாலோடு அதுதான் வேண்டும்.