மாஸ் எஃபெக்ட்டா, சைபர்பங்க்கா? ரெக்ஸைச் சாகக் கொடுத்தவனின் கணக்கு

மாஸ் எஃபெக்ட் என்ற வீடியோ கேமில், வெர்மைர் கிரகத்தின் கடற்கரையில் ரெக்ஸ் துப்பாக்கியை என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றான். அதுவரை என் தோளோடு தோள் நின்று சண்டை போட்டவன். க்ரோகன் என்ற அவனுடைய வேற்றுக்கிரக இனத்தைப் பிடித்த மலட்டு நோய்க்கு மருந்து அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறது. நானோ அந்தக் கட்டடத்தையே வெடிவைத்துத் தகர்க்கப் போகிறேன். கோபம் வராதா? பேசிச் சமாளிக்கலாம் என்று பார்த்தால், பேச்சுத் திறமைக்கு நான் ஒரு புள்ளிகூடப் போடவில்லை. இருந்ததையெல்லாம் துப்பாக்கிக்கே கொட்டியிருந்தேன். பின்னாலிருந்து என் படையைச் சேர்ந்த ஆஷ்லி சுட்டாள். ரெக்ஸ் மணலில் சரிந்தான். சரி, போகட்டும் என்று அடுத்த மிஷனுக்குப் போய்விட்டேன்.

அந்தப் ‘போகட்டும்’ என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

போன வாரம் சித்தி மகன் போன் பண்ணினான். “கதை நல்லா இருக்கிற சயின்ஸ் ஃபிக்‌ஷன் கேம் ஒண்ணு சொல்லுண்ணா. ஒண்ணுதான் வாங்குவேன்.” அவன் கையில் மூன்று பெயர்கள் இருந்தன. மாஸ் எஃபெக்ட்டின் மூன்று பாகங்களையும் சேர்த்து 2021-இல் வந்த லெஜண்டரி எடிஷன், சைபர்பங்க் 2077, தி அவுட்டர் வேர்ல்ட்ஸ். மூன்றையும் முடித்தவன் என்பதால் எனக்கும் பேச ஆசை. கதையை உடைத்துத்தான் பேசப் போகிறேன். வேண்டாம் என்பவர்கள் இந்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.

அவுட்டர் வேர்ல்ட்ஸை முதலில் முடித்துவிடுகிறேன். அப்சிடியன் நிறுவனம் உருவாக்கி, 2019-இல் வெளிவந்தது. தொலைதூர விண்மீனைச் சுற்றி மனிதர்கள் குடியேறிய கோள்கள், அத்தனையும் கம்பெனிகளின் கையில். முதல் ஊரிலேயே தொழிலாளர்களிடம் கல்லறைக் கட்டணம் வசூலிக்கும் வேலை நமக்கு வருகிறது. உயிரோடு இருப்பவர்களிடம்தான்! எழுத்தில் நக்கல் துள்ளுகிறது. அறிவுப் புள்ளியைக் குறைத்து வைத்து ஆடினால் நம் கேரக்டர் அசட்டுத்தனமாகப் பதில் சொல்வதற்கென்றே தனி வசனங்கள் உண்டு. பார்வதி என்ற மெக்கானிக், வேறொரு பெண்ணிடம் தன் காதலைச் சொல்லத் தயங்கும்போது, கூட இருந்து தைரியம் கொடுக்கும் கிளைக்கதை அருமை. மற்றபடி, சிரித்தேன், முடித்தேன், அன்இன்ஸ்டால் பண்ணினேன். இரண்டு வாரம் கழித்துப் பார்வதியைத் தவிர வேறு யார் பெயரும் நினைவில் இல்லை. நேரம் குறைவாக இருப்பவர்களுக்குச் சரியான கேம்தான். போட்டி என்னவோ மற்ற இரண்டுக்கும் நடுவில்.

சைபர்பங்க்கின் பழைய பாவத்தையும் சொல்லிவிட வேண்டும். 2020 டிசம்பர் 10-ஆம் தேதி வெளியானபோது பழைய கன்சோல்களில் அது ஓடிய லட்சணத்தைப் பார்த்து, ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே தூக்கிவிட்டது. அடுத்த ஜூனில்தான் திரும்ப அனுமதித்தது. அதை உருவாக்கிய போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் விடாமல் ஒட்டுப்போட்டு, 2023 செப்டம்பரில் 2.0 அப்டேட்டையும் ஃபேன்டம் லிபர்ட்டி என்ற கூடுதல் கதையையும் கொடுத்தது. இன்று வாங்குகிறவனுக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட வேறொரு கேம். அதனால் அந்தப் பழியை இன்னும் சுமத்துவது நியாயமில்லை.

கதை இதுதான். நைட் சிட்டி என்ற நகரத்தில் வி என்கிற கூலிப்படை ஆள். ஒரு திருட்டு சொதப்பி, செத்துப்போன ராக் பாடகன் ஜானி சில்வர்ஹேண்டின் மனம் பதிந்த சிப் வி-யின் தலைக்குள் மாட்டிக்கொள்கிறது. ஜானி கொஞ்சம் கொஞ்சமாக உடம்பை ஆக்கிரமிக்கிறான். ஜானியாக வரும் ஹாலிவுட் நடிகர் கியானு ரீவ்ஸ் பெயருக்கு வந்து குரல் கொடுத்துவிட்டுப் போகவில்லை. கதை முழுக்க மூலையில் சாய்ந்து நின்று நம்மைச் சீண்டிக்கொண்டே இருக்கிறார். முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. கடைசியில் அவன் குரல் கேட்காத காட்சிகள்தான் வெறிச்சென்று இருந்தன.

இந்த கேமில் எதிரில் இருப்பவர் கூடவே இருக்கிறார் என்ற உணர்வு வேறெதிலும் எனக்கு வாய்த்ததில்லை. எல்லாமே வி-யின் கண் வழியாகத்தான். பேச்சு தொடங்கியதும் கேமரா வெட்டிக்கொண்டு வேறு கோணத்துக்குப் போவதில்லை. பேசுகிறவர் எழுந்து போவார், சிகரெட் பற்றவைப்பார், நாம் தலையைத் திருப்பி அவரைத் தேட வேண்டும். ஜூடி என்ற பெண், நீர்த்தேக்கத்தில் மூழ்கிப்போன தன் சொந்த ஊரைப் பார்க்க நம்மைக் கூட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கும் ஒரு மிஷன் உண்டு. ஒரு குண்டுகூடச் சுட வேண்டியதில்லை. அவள் டார்ச் வெளிச்சத்தின் பின்னாலேயே நீந்துகிறோம். பாசி படிந்த வீடுகள், ஒரு தேவாலயம். இங்கேதான் இது நடந்தது, அங்கேதான் அது நடந்தது என்று அவள் சொல்லிக்கொண்டே போகிறாள். கரையேறியதும் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். மணி இரண்டரை.

ஆனால் எனக்கொரு வருத்தமும் உண்டு. வி-யும் கூட்டாளி ஜாக்கியும் உயிர் நண்பர்கள் ஆவதைத்தான் நான் வாழ்ந்து பார்க்க வேண்டும். அவர்கள் பழகிய ஆறு மாதத்தையும் சினிமாவில் பாட்டுக்கு நடுவே காட்டுகிற மாதிரி சில நிமிடத் துண்டுக் காட்சிகளில் ஓட்டிவிட்டார்கள். ஜாக்கி சாகும்போது அழுகை வந்தது. அது நடிகரின் குரலுக்கு வந்த அழுகை. அதுபோலவே தொடக்கத்தில் நாடோடியா, தெருப்பிள்ளையா, கம்பெனி ஆளா என்று கேட்கிறார்கள். எதைச் சொன்னாலும் அரை மணி நேரத்தில் எல்லாரும் ஒரே தண்டவாளத்துக்கு வந்துவிடுகிறோம்.

இப்போது ரெக்ஸ்.

கனடாவின் எட்மன்டனைச் சேர்ந்த பயோவேர் நிறுவனம் உருவாக்கிய மாஸ் எஃபெக்ட்டின் முதல் பாகம் 2007-இல் வந்தது, மூன்றாவது 2012-இல். ஒரு பாகத்தில் நாம் செய்தது, ஆட்டத்தைச் சேமித்துவைத்த சேவ் கோப்போடு அடுத்த பாகத்துக்கு வருகிறது. இதைப் பெட்டியின் பின்பக்கத்தில் படிக்கும்போது விளம்பரமாகத்தான் தோன்றும். அனுபவித்தால்தான் தெரியும்.

க்ரோகன்களின் நோய்க்கு ஜெனோஃபேஜ் என்று பெயர். சலேரியன் இனத்தின் விஞ்ஞானிகள் உருவாக்கிய ஆயுதம். ஆயிரம் கர்ப்பத்தில் ஒன்றுதான் உயிரோடு பிறக்கும். இரண்டாம் பாகத்தில் நம் கப்பலில் சேரும் மோர்டின் சோலஸ், அந்த நோய் வீரியம் இழக்காமல் பார்த்துக்கொண்ட குழுவில் இருந்தவர். வேகவேகமாகப் பேசுவார், ஆய்வுக்கூடத்தில் பாட்டுப் பாடுவார், செய்ததைக் கணக்குப் போட்டு நியாயப்படுத்துவார். ஆனால் செத்துக் கிடக்கும் க்ரோகன் பெண்ணின் உடல் முன்னால் அந்தக் கணக்கு தடுமாறுகிறது. அவருடைய பழைய சீடன் சேர்த்துவைத்த மருந்து ஆராய்ச்சித் தரவுகளை வைத்திருப்பதா, அழிப்பதா என்று நம்மைக் கேட்பார்கள். நான் அழிக்கச் சொன்னேன்.

மூன்றாம் பாகத்தில் க்ரோகன் தலைவனாக வந்து நிற்க வேண்டியவன் ரெக்ஸ். என் கேமில் அவன்தான் இல்லையே. அவன் இடத்தில் ரீவ். பழிவாங்குவது ஒன்றே குறி அவனுக்கு. தரவுகளை அழித்ததால் க்ரோகன் பெண்களின் நம்பிக்கையான ஈவும் பிழைக்கவில்லை. மருந்தைக் காற்றில் கலக்க வேண்டிய கோபுரத்தின் அடியில் மோர்டினிடம், ‘இவன் கையில் இந்த இனத்தைக் கொடுக்கலாமா?’ என்கிற வாதத்தை வைத்தேன். அவர் யோசித்தார், ஒப்புக்கொண்டார், மேலே ஏறாமல் போய்விட்டார். உயிர் தப்பினார். ரீவ் ஏமாந்தது தெரியாமலே எனக்குப் படை அனுப்பினான். கச்சிதமான வெற்றி. இரண்டு நாள் அந்த கேமைத் திறக்கவே மனம் வரவில்லை.

திரும்ப முதல் பாகத்திலிருந்து ஆரம்பித்தேன். இந்தமுறை கடற்கரையில் ரெக்ஸைப் பேசி மடக்கினேன், தரவுகளையும் காப்பாற்றினேன். மூன்றாம் பாகத்தில் அவன் அரசன் மாதிரி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினான். அதே கோபுரம், அதே மோர்டின். ஆனால் மேலே யாராவது போய்த்தான் ஆக வேண்டும். எரிகிற கோபுரத்தில் லிஃப்ட் ஏறி, பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டே மோர்டின் வேலையை முடித்தார். ரெக்ஸைக் காப்பாற்றிய கையோடு மோர்டினை இழந்தேன். சைபர்பங்க்கின் தண்ணீர்க் காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும், அதை எனக்கு அமைத்துக் கொடுத்தவர் எழுத்தாளர். இந்தக் கோபுரத்துக்கு நானும் செங்கல் சுமந்திருக்கிறேன்.

முடிவு விஷயத்தில் மட்டும் சைபர்பங்க் நிச்சயம் மேல். மாஸ் எஃபெக்ட் 3 வந்தபோது, இத்தனை வருடத் தேர்வுகளும் கடைசியில் சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று வெளிச்சத்தில் அடங்கிவிட்டதாக ரசிகர்கள் கொந்தளித்தார்கள். 2012 ஜூனில் இலவசமாக நீட்டித்த முடிவைக் கொடுத்தார்கள். அது லெஜண்டரி எடிஷனிலேயே இருக்கிறது, இருந்தும் மனம் நிறையவில்லை. சைபர்பங்க்கிலோ மாடியில் உட்கார்ந்துகொண்டு யாரைத் துணைக்குக் கூப்பிடுவது என்று முடிவு செய்ய வேண்டும். எதையும் தொடாமல் சில நிமிடம் சும்மா இருந்தால், ஜானியோடு பழக்கம் நன்றாக இருக்கும் பட்சத்தில், இன்னொரு வழியும் திறக்கும். பெயர்கள் ஓடும்போது நாம் விட்டுவிட்டு வந்தவர்கள் ஒவ்வொருவராக அழைத்துப் பேசுகிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க முடியாது.

சண்டையிலும் சைபர்பங்க்தான். கம்ப்யூட்டரில் பிடிக்கும் இடத்தைப் பார்த்தால் லெஜண்டரி எடிஷனுக்கு 120 ஜிபி, சைபர்பங்க்குக்கு 70 ஜிபி; ஆனால் பின்னதற்கு எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க்கும் தெம்பான கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். தம்பியின் லேப்டாப் அதற்குத் தாங்காது. தாங்கினாலும் நான் மாஸ் எஃபெக்ட்டைத்தான் சொல்லியிருப்பேன்.

வாங்கிவிட்டான். நேற்று ராத்திரி போன். “அண்ணா, இந்த மாகோ வண்டி மலையில ஏறவே மாட்டேங்குது. குட்டிக்கரணம் போடுது.”

“எல்லாருக்கும் அப்படித்தான். சுத்திக்கிட்டுப் போ. அப்புறம், கப்பல்ல ரெக்ஸ்கிட்ட அவன் குடும்பத்தைப் பத்திக் கேட்டுக்கிட்டே இரு. ஒரு பழைய கவசத்தைப் பத்திச் சொல்வான். அந்த மிஷனை மட்டும் விட்டுடாதே.”

“எதுக்குண்ணா?”

“சொன்னதைச் செய்.”