ஒரே தேக்கம், இரண்டு குத்தகைதாரர்கள்: எந்த ஏற்பாடு மேல்?

ஒரே நிலத்தடித் தேக்கத்திலிருந்து இருவர் எடுத்தால் என்ன ஆகும் என்பதை, பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு விளக்க நிலவியல் பாடம் தேவையில்லை. ஒருவர் எண்ணூறு அடிக்குப் போர் போட்டால், வேலிக்கு அப்பால் இருப்பவர் ஆயிரம் அடிக்குப் போடுகிறார். முதலாமவரின் மோட்டார் காற்றை இழுக்கத் தொடங்குகிறது. இரு நிறுவனங்களின் குத்தகைப் பரப்புகளுக்கு அடியில் ஒரே தேக்கமாகக் கிடக்கும் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் இதே கதைதான்.

'எடுத்தவருக்கே சொந்தம்' என்ற அமெரிக்க நீதிமன்ற மரபு, நம் போர்வெல் போட்டியின் சட்ட வடிவம். 1930-இல் கிழக்கு டெக்சாஸ் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டதும் ஆளாளுக்குக் கிணறு தோண்டினார்கள். விலை படுத்தது, 1931-இல் ஆளுநர் படையை அனுப்பிக் கிணறுகளை மூட வேண்டியதாயிற்று. விலையை விடப் பெரிய இழப்பு நிலத்தடியில் நேர்கிறது: எண்ணெயை மேலே தள்ளும் அழுத்தம் அவசர உறிஞ்சலில் வீணாகிவிடுவதால், எடுக்கக்கூடிய எண்ணெயில் ஒரு பகுதி பாறையிலேயே தங்கிவிடுகிறது. இதை ஓர் ஏற்பாடு என்று அழைப்பதே மிகை.

எடுத்தபின் வழக்காடுவது இரண்டாவது வழி. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில், தன் பரப்பின் எரிவாயு அண்டையிலுள்ள ரிலையன்ஸ் குழுமத்தின் கேஜி-டி6 பரப்புக்குள் நகர்ந்தது என்று அரசு எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி 2014-இல் டெல்லி உயர்நீதிமன்றத்தை அணுகியது. 2016-இல் மத்திய அரசு அந்த வாயுவுக்காக ரிலையன்ஸ் தரப்பிடம் ஏறத்தாழ 155 கோடி டாலர் கேட்டது. 2018-இல் நடுவர் மன்றம் பெரும்பான்மையாக ரிலையன்ஸ் தரப்புக்குச் சாதகமாகத் தீர்த்தது. 2023-இல் டெல்லி உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி அந்தத் தீர்ப்பை ஏற்றார். 2025 பிப்ரவரியில் அதே நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச் (இரு நீதிபதி அமர்வு) அதை ரத்து செய்தது. வெளியேறிவிட்ட வாயுவை யாருடையது என்று பின்னோக்கிக் கணக்கிடுவது இவ்வளவு காலம் பிடிக்கிறது.

எல்லையே தகராறாக இருக்கும் இடத்தில், இரு தரப்பும் சேர்ந்து எடுத்துப் பகிரும் கூட்டு மேம்பாட்டுப் பகுதி பொருந்தும். தாய்லாந்தும் மலேசியாவும் உரிமைப் பூசலை ஒதுக்கிவைத்து, 1979 உடன்படிக்கையின் வழியே 7,250 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைப் பாதிப்பாதி என ஏற்றன. எல்லை தெளிவாக உள்ள கோதாவரிப் படுகைக்கு இத்தனை பெரிய அமைப்பு தேவைப்படாது.

அங்கே பொருந்துவது யூனிட்டைசேஷன்: தேக்கம் முழுவதையும் ஒரே அலகாகக் கொண்டு, ஒரே இயக்குநர் நிறுவனம் கிணறு அமைக்க, செலவும் வரவும் பங்குப்படி பிரியும். பிரிட்டனும் நார்வேயும் வட கடலில் தங்கள் எல்லைக்கோட்டின் இருபுறமும் கிடக்கும் ஃபிரிக் எரிவாயு வயலுக்கு உற்பத்தி தொடங்குவதற்கு முன்பே, 1976-இல், ஒப்பந்தமிட்டன, நார்வேக்கு 60.82 விழுக்காடு, பிரிட்டனுக்கு 39.18. கிணறு எங்கே இருக்க வேண்டும் என்பதை எல்லைக்கோடு தீர்மானிக்காமல் பாறை தீர்மானிப்பதால் வீண் கிணறுகள் குறைகின்றன, அழுத்தமும் காக்கப்படுகிறது. என் தேர்வும் இதுவே.

இதிலும் ஒரு முள் உண்டு. புதிய தரவு வரும்போது பங்கைத் திருத்தும் மறு நிர்ணயத்தில், ஒரு விழுக்காட்டுப் புள்ளி நகர்ந்தாலே பெரும்பணம் கைமாறுகிறது. எத்தனை முறை திருத்தலாம், எந்தத் தரவைக் கொண்டு, கருத்து வேறுபட்டால் எந்த நிபுணரின் முடிவு இறுதி என்பவற்றை முதலிலேயே எழுதிவைக்காவிட்டால், மறு ஆய்வு என்ற சொல் மட்டும் காகிதத்தில் இருக்கும். தமிழ்நாடும் கேரளமும் ஆற்று நீரைப் பகிரும் பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் 1958-ஐத் தொடக்கமாகக் கொண்டு முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை மறு ஆய்வு என்றது. 1988-இல் வந்திருக்க வேண்டிய அதைப் பேசுவதற்குக் குழு அமைக்கலாம் என இரு முதலமைச்சர்களும் 2019-இல் முடிவெடுத்தார்கள்.